ஆஸ்பத்திரிக் கிருமிகளும் ஆன்டிபயாட்டிக்கும்: மலேசியாவின் சுங்கை சிப்புட் வாசகர்களின் கேள்விகள்

அப்பாவுக்கு 72 வயது. பக்கவாதம் வந்து, யூரின் டியூபோடு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். சிறுநீர் கலங்கலாக, வாடையோடு வருகிறது. காய்ச்சல் இல்லை. ஆன்டிபயாட்டிக் கேட்டு வாங்கலாமா?

வேண்டாம். டியூப் ஒரு மாதம் உள்ளே இருந்தால் ஏறக்குறைய எல்லோருடைய சிறுநீரிலும் கிருமி இருக்கும். கிருமி இருப்பது வேறு, அது நோய் உண்டாக்குவது வேறு. கலங்கலையும் வாடையையும் மட்டும் பார்த்து மருந்து கொடுத்தால், லேசான கிருமி செத்து, மருந்துக்கு அடங்காதது தங்கிவிடும். அடுத்து உண்மையாகவே காய்ச்சல் வரும்போது மாத்திரை எடுபடாது.

காய்ச்சல், குளிர்நடுக்கம், விலாவோர வலி, திடீரென்று ஆள் தடுமாறிப் பேசுவது, இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே கல்ச்சர் பரிசோதனைக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்ப்பதற்கு, சிறுநீர் எடுக்கும்போது பையிலிருந்து எடுக்கக் கூடாது. டியூப் போட்டு இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தால் அதை மாற்றிவிட்டு, புது டியூபிலிருந்து எடுக்க வேண்டும். இல்லாவிட்டால், பழைய டியூபின் உட்சுவரில் வழவழவென்று படிந்திருக்கும் கிருமிதான் ரிப்போர்ட்டில் வரும்.

வீட்டில் பை எப்போதும் மூத்திரப்பைக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக் கூடாது. காரில் ஏற்றும்போது பையைத் தூக்கி மடியில் வைப்பார்கள். அப்போது தேங்கிய சிறுநீர் திரும்ப உள்ளே ஓடும், இதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும் காலி செய்யுங்கள். குழாய் முனை பாத்திரத்தில் இடிக்கக் கூடாது. டியூப் நுழையும் இடத்துக்குத் தினமும் சோப்பும் தண்ணீரும் போதும், டெட்டால் தேவையில்லை. ஒவ்வொரு அப்பாயின்ட்மென்டிலும் "டியூப் இன்னும் வேணுமா டாக்டர்?" என்று கேளுங்கள். டியூபை எடுத்துவிடுவதைவிட நல்ல தடுப்பு இல்லை.

செம்பனைக் குலை வெட்டுகிறேன். இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) உண்டு. மூன்று வாரமாகக் காய்ச்சலும் இருமலும். இரண்டு கிளினிக்கில் அமோக்சிசிலின் சாப்பிட்டும் குறையவில்லை.

இனி மூன்றாவது கிளினிக் வேண்டாம், நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மண்ணோடு வேலை, இனிப்பு நீர், விடாத காய்ச்சல் மூன்றும் சேர்ந்தால் மெலியோய்டோசிஸை நினைக்க வேண்டும். நம் நாட்டு ஈர மண்ணில் வாழும் கிருமி இது. முள் குத்திய காயம் வழியாகவும், மழைக்காலத்தில் மூச்சு வழியாகவும் புகும். எக்ஸ்ரேயில் காசநோய் போலவே தெரியலாம். கல்லீரலிலும் மண்ணீரலிலும் சீழ் கட்டலாம். அமோக்சிசிலின் இதற்கு வேலை செய்யாது. ரத்தக் கல்ச்சரில் உறுதியானால் செப்டாசிடைம் அல்லது மெரோபெனம் ஊசி குறைந்தது 10 முதல் 14 நாள், பிறகு கோ-ட்ரிமொக்சசோல் மாத்திரை குறைந்தது மூன்று மாதம். உடம்பு தேறிவிட்டது என்று இடையில் விட்டவர்களுக்கு நோய் திரும்புகிறது. நீங்கள் தோட்ட வேலை செய்வதை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். எலிக்காய்ச்சலையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

அண்ணனுக்கு ரத்தம் எடுத்த மூன்றாம் நாள்தான் மருந்தை மாற்றினார்கள். ஏன் இவ்வளவு தாமதம்?

தாமதம் இல்லை, கிருமி வளர நேரம் வேண்டும். ரத்தக் குப்பியில் அது பெருகவே பெரும்பாலும் ஒரு நாளாகும். பிறகு அதைத் தட்டில் பரப்பி, ஒவ்வொரு மருந்தும் ஊறிய 6 மில்லிமீட்டர் காகித வட்டுகளை மேலே வைத்து, ஓர் இரவு 35 டிகிரி சூட்டில் வைக்கிறார்கள். கிருமி மருந்துக்கு அடங்கும் இடத்தில் வட்டைச் சுற்றித் தெளிந்த வளையம் விழும், அடங்காத இடத்தில் கிருமி வட்டின் ஓரம் வரை வெள்ளையாக ஏறி நிற்கும். வளையத்தின் அகலத்தை அளந்துதான் மருந்தை முடிவு செய்கிறார்கள். அதுவரை கொடுப்பது அனுமானத்தில், அந்த ஆஸ்பத்திரியில் வழக்கமாகக் காணும் கிருமிகளை வைத்து. ரத்தம் முதல் ஊசிக்கு முன்பே எடுக்கப்பட வேண்டும், பின்னால் எடுத்தால் கிருமி வளராமலே போகலாம்.

மாமாவின் கட்டிலில் 'சி.ஆர்.இ.' என்று எழுதியிருக்கிறது. பார்க்கப் போகலாமா?

போகலாம். அது கார்பாபெனம் என்னும் வலுவான மருந்துக்கும் அடங்காத குடல் கிருமி. காற்றில் பரவாது, கை வழியாகப் பரவும். மிஸ்ஸி (நர்ஸ்) சொல்லும் கவுனையும் கையுறையையும் போட்டுக்கொள்ளுங்கள். கட்டிலில் உட்காராதீர்கள். வெளியே வரும்போது அவற்றைக் கழற்றிவிட்டு, ஆல்கஹால் கலந்த கைக்கழுவும் திரவத்தால் 20 முதல் 30 விநாடி தேய்க்க வேண்டும், கட்டைவிரலையும் விரல்நுனியையும் விடாமல். வயிற்றுப்போக்கு உள்ள நோயாளியைத் தொட்டிருந்தால் சோப்பும் தண்ணீரும்தான். அந்தப் போக்குக்குக் காரணமாகும் சில கிருமி விதைகளை ஆல்கஹால் கொல்லாது.

குழந்தைக்குச் சளி. போன மாதம் மீந்த ஆக்மென்டின் என்ற ஆன்டிபயாட்டிக் சிரப் ஃப்ரிட்ஜில் இருக்கிறது. கொடுக்கலாமா?

கூடாது. தண்ணீர் கலந்த அந்த சிரப் ஃப்ரிட்ஜில் வைத்தாலும் ஏழு நாள்தான் தாங்கும். சளி வைரஸால் வருவது, பச்சைச் சளியானாலும் ஆன்டிபயாட்டிக் தேவை என்று அர்த்தமில்லை. மூச்சு வேகமானாலோ, பால் குடிக்க மறுத்தாலோ காட்டுங்கள். மீந்த சிரப்பைச் சிங்க்கில் ஊற்றாமல் அரசாங்க ஆஸ்பத்திரி மருந்தகத்தில் திருப்பிக் கொடுங்கள், வாங்கிக்கொள்வார்கள்.