அனிமேஷன் படங்களின் ஓவியப் புத்தகங்களை நூலகத்தில் எடுத்துப் பார்ப்பதில் என்ன பயன்? எதிலிருந்து தொடங்கலாம்?

கேள்வி கேட்டவரின் மகனுக்கு 13 வயது. எந்நேரமும் வரைந்துகொண்டே இருக்கிறானாம். 'தி ஆர்ட் ஆஃப்' என்று தலைப்பு தொடங்கும் தடித்த புத்தகங்களை நூலகத்தில் பார்த்தாராம். படத்தைத்தான் பார்த்தாயிற்றே, அதையே தாளில் பார்ப்பதில் புதிதாக என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறார்.

அதே படங்கள் இல்லை. முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும். ஒரு பெரிய அனிமேஷன் படம் முடிய மூன்று, நான்கு வருடம் ஆகும். அதில் ஒரு நல்ல பகுதி, படம் எப்படி இருக்க வேண்டும் என்று வரைந்து வரைந்து தேடுவதிலேயே போய்விடும். அப்படி வரைந்தவற்றில் பாதிக்கு மேல் திரைக்கே வராது. வந்தவையும் இரண்டு நொடியில் கடந்துவிடும், அதுவும் பாத்திரங்கள் முன்னால் நின்று மறைத்துக்கொண்டிருக்கும். புத்தகத்தில் அவை அசையாமல் நிற்கின்றன. நீங்கள் வேண்டிய நேரம் பார்க்கலாம்.

நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். ஓவியம் படித்தவன் இல்லை, கணக்கு வேலை. என் மகளுக்கு அப்போது 12 வயது. வரைவாள், நன்றாகவே வரைவாள். ஆனால் அவள் போன ஓவிய வகுப்பில் தாளில் ஒரு இடம்கூட வெள்ளையாக விடக்கூடாது என்று பழக்கியிருந்தார்கள். போட்டிகளில் அப்படித்தான் பரிசு கிடைக்கும் என்றார்கள். மரம் வரைந்தால் ஒவ்வொரு இலையும் வேண்டும், வானம் வரைந்தால் மேகம், மேகத்துக்கு நடுவே பறவை. அவள் படங்களில் எல்லாமே ஒரே சத்தத்தில் பேசின. எனக்கு ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. என்ன என்று சொல்லத் தெரியவில்லை. அதைச் சொல்லிக்கொடுத்தவை நூலகத்தில் இரவல் வாங்கிய புத்தகங்கள்தான். எதை வரையாமல் விடுவது என்பதை அவற்றிலிருந்து அவள் கற்றுக்கொண்டாள்.

முதலில் வந்தது 'மை நெய்பர் டோட்டோரோ' படத்தின் ஓவியப் புத்தகம். படம் 1988இல் வந்தது, ஜப்பானின் கிப்லி நிறுவனம் எடுத்தது, மியாசாகி இயக்கியது. புத்தகத்தை விஸ் நிறுவனம் 2005இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தது. மியாசாகி தொடக்கத்தில் வாட்டர் கலரில் போட்ட சின்னச் சின்னப் படங்கள் ஒரு பக்கம் என்றால், இன்னொரு பக்கம் கலை இயக்குநர் கசுவோ ஓகாவின் பின்னணி ஓவியங்கள். அந்தக் காலத்தில் பாத்திரங்களைக் கண்ணாடி போன்ற செல் தாளில் தீட்டி, தாளில் போஸ்டர் கலரால் தீட்டிய பின்னணி மேல் வைத்துப் படம் பிடிப்பார்கள். ஆகவே பின்னணி ஓவியம் என்பது ஆள் இல்லாத முழு ஓவியம். வயல் வரப்பு, கிணற்றடி, மழையில் நனைந்த மண் பாதை. யாரும் வந்து நிற்பதற்கு முந்திய இடம்.

மண் பாதையைப் பார்த்ததும் எனக்கு என்னவோ செய்தது. கதை நடப்பது டோக்கியோவுக்கு வெளியே டோக்கொரொசாவாப் பக்கம். அந்தக் காண்டோ சமவெளியின் மண் எரிமலைச் சாம்பல் படிந்து உண்டானது, செம்பழுப்பு நிறம். நான் புதுக்கோட்டைக்காரன், செம்மண்ணில் வளர்ந்தவன். அவர்கள் மண் எங்கள் மண்ணைவிடக் கொஞ்சம் கறுப்பு, ஆனால் மழைக்குப் பின் சக்கரத் தடத்தில் தண்ணீர் தேங்கி, அதன் விளிம்பில் மட்டும் நிறம் ஒரு மாற்றுக் கூடி நிற்குமே, அது அப்படியே இருந்தது. மண்ணின் நிறத்தைப் பொதுவான பழுப்பில் தீட்டிவிட்டுப் போகாமல், அந்த ஊர் மண்ணைத் தீட்டியிருக்கிறார்கள். மகளுக்கு நான் காட்டிய முதல் விஷயம் அதுதான்.

அவள் எனக்குக் காட்டியது இன்னொன்று. ஓகாவின் வரப்போரப் புல்லைப் பார்த்து வரைய உட்கார்ந்தாள். பிராஸ் பசா காம்ப்ளெக்ஸில் வாங்கிய போஸ்டர் கலர், இரண்டு பிரஷ், ஒரு பழைய பீங்கான் தட்டு. முதல் நாள் மாலை முழுக்க ஒவ்வொரு புல்லாகப் போட்டாள். நூறு இருநூறு புல் போட்டும் சீப்புப் பல் மாதிரிதான் இருந்தது. மறுநாள் புத்தகத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் மூக்கு ஒட்டுகிற மாதிரி வைத்துப் பார்த்துவிட்டு, "அப்பா, இவரு புல்லையே வரையலப்பா" என்றாள். நானும் பார்த்தேன். உண்மைதான். பின்னால் இருப்பது பச்சையும் நீலமும் ஈரத்தோடு ஒன்றிலொன்று கரைந்த ஒரு திட்டு. அதன் மேல் விளிம்பில், வெளிச்சம் படுகிற இடத்தில் மட்டும் பத்துப் பதினைந்து புல். அவை மிகக் கவனமாக, ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாய்ந்து. மற்ற எல்லாப் புல்லையும் நம் கண்தான் வரைந்துகொண்டது. நிழலிலும் கறுப்பு இல்லை, ஆழ்ந்த நீலப் பச்சை. அன்றைக்குத் தட்டில் அவள் கறுப்பைத் தொடவே இல்லை.

திரையில் இந்தப் படத்தை அவள் எத்தனை முறை பார்த்திருப்பாள் என்று கணக்கே இல்லை. திரை இதைக் காட்டிக்கொடுக்கவில்லை, தாள் காட்டிக்கொடுத்தது.

அடுத்து நான் தேடி எடுத்தது ஜான் கேன்மேக்கர் எழுதிய 'பிஃபோர் தி அனிமேஷன் பிகின்ஸ்'. 1996இல் வந்தது. டிஸ்னி நிறுவனத்தில் படம் தொடங்கும் முன் மனநிலையையும் நிறத்தையும் வரைந்து காட்டிய ஓவியர்களின் வாழ்க்கையும் வேலையும் இதில் இருக்கின்றன. மேரி பிளேர் இருக்கிறார். சிண்ட்ரெல்லா, ஆலிஸ், பீட்டர் பான் மூன்றுக்கும் அவர் கவாஷில், அதாவது அடியில் இருப்பது தெரியாதபடி கெட்டியாகப் படியும் வாட்டர் கலரில், தீட்டிய ஓவியங்களின் துணிச்சலில் ஒரு பகுதிதான் திரைக்கு வந்திருக்கிறது என்பது என் எண்ணம். புத்தகத்தில் பார்த்தால் உங்களுக்கே தெரியும். ஆனால் நான் நின்றுவிட்டது டைரஸ் வாங் பக்கங்களில்.

வாங் 1910இல் சீனாவின் குவாங்டொங் மாகாணத்தில் பிறந்தவர். 1920இல், சீனர்கள் குடியேறுவதைச் சட்டம் தடுத்திருந்த காலத்தில், வேறு பெயரில் தயாரித்த காகிதங்களோடு தந்தையுடன் அமெரிக்கா போனார். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் ஏஞ்சல் தீவில் அந்தச் சிறுவனைத் தந்தையிடமிருந்து பிரித்துத் தடுப்புக்காவலில் வைத்தார்கள். வெளியே வந்த பிறகு தந்தை எழுத்தோவியம் கற்றுக்கொடுத்தார். மை வாங்கக் காசு இல்லை. பழைய செய்தித்தாளில் தண்ணீரைத் தொட்டு எழுதிப் பழகினார். எழுதியது காய்ந்து மறைந்துபோகும், மறுபடி எழுத வேண்டும்.

1938இல் டிஸ்னியில் வேலைக்குச் சேர்ந்தார். இரண்டு முக்கிய அசைவுகளுக்கு நடுவே வரும் படங்களை வரிசையாக வரைந்து நிரப்புகிற வேலை, நாள் முழுக்க. அங்கே 'பாம்பி' என்ற மான்குட்டிக் கதையைப் படமாக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது, பின்னணி சரியாக வரவில்லை. காட்டை இலை இலையாக வரைந்தார்கள், மான் அதற்குள் தொலைந்துபோனது. வாங் தாமாகவே சில சின்ன ஓவியங்கள் தீட்டிக் கொண்டுபோய்க் காட்டினார். சீனாவின் சோங் அரச மரபுக் காலத்து மலைக்காட்சி ஓவியங்களின் வழியில் வந்தவை. மூடுபனி, அதில் பாதி கரைந்த மரத் தண்டுகள், நடுவில் சின்னதாக ஒரு மான். மானைச் சுற்றி மட்டும் கொஞ்சம் புல், கொஞ்சம் வெளிச்சம். விளிம்புக்குப் போகப் போக ஒன்றுமே இல்லை. ஆனாலும் நீங்கள் காட்டுக்குள்தான் நிற்கிறீர்கள். குளிர்கிறது, ஈர மண் வாசனைகூட வருகிறது. படத்தின் தோற்றமே அந்த ஓவியங்களின் வழியில் மாறியது.

1941இல் நிறுவனத்தில் நடந்த வேலைநிறுத்தத்தை ஒட்டி அவரை வேலையை விட்டு அனுப்பினார்கள். மறு வருடம் படம் வெளிவந்தபோது பின்னணி ஓவியர்கள் பட்டியலில் பத்துப் பேரில் ஒருவராக அவர் பெயர் ஓடி மறைந்தது. அதன் பிறகு வார்னர் பிரதர்ஸில் 26 வருடம். டிஸ்னி அவருக்கு மரியாதை செய்தது 2001இல், அவருடைய தொண்ணூறுகளில். 2016இல் 106 வயதில் காலமானார். இந்தப் பெயரை என் மகளுக்குத் திரை சொல்லவில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே இந்தப் புத்தகங்கள் எல்லா நூலகத்திலும் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நாம் பார்த்து வளர்ந்தது யாருடைய கை என்று தெரிய வேண்டும்.

மூன்றாவதாக, இப்போதைய கணினிப் படங்களில் ஒன்று வேண்டுமென்றால் பிக்சாரின் 'அப்' படத்தின் ஓவியப் புத்தகத்தைச் சொல்வேன். 2009இல் வந்த படம். கிழவர் கார்ல் சதுரம், அவர் மனைவி எல்லி வளைவு. நாற்காலி, போட்டோ சட்டம் வரைக்கும் அந்த வடிவம் போகிறது. ஆனால் உங்கள் பையன் பார்க்க வேண்டியது அதில் வரும் கலர் ஸ்கிரிப்ட். முழுப் படத்தையும் தபால்தலை அளவுக் கட்டங்களில் நிறமாக மட்டும் போட்டு வரிசையாக அடுக்கியிருப்பார்கள். முகம் கிடையாது, கண் மூக்கு கிடையாது. எல்லி இறந்த பிறகு நிறம் வற்றுகிறது. அவளுக்கு என்று வைத்த மெஜந்தா பிறகு எங்கே எட்டிப் பார்க்கிறது என்று விரலால் தொட்டுக்கொண்டே போகலாம். நான் அந்தப் பக்கத்தில் கண் கலங்கினேன், அதில் ஒரு முகம்கூட இல்லாதபோதும்.

எல்லா 'ஆர்ட் ஆஃப்' புத்தகமும் இப்படி இருக்காது. சில வெறும் விளம்பரப் புத்தகங்கள். நடுப்பக்கத்தைத் திறந்து பாருங்கள். பென்சில் கோடும் பிரஷ் தடமும் குறைவாகவும், பளபளப்பான கணினிப் படங்கள் அதிகமாகவும் இருந்தால் திரும்ப வைத்துவிடலாம். இன்னொரு வகை, அசைவைச் சொல்லிக்கொடுக்கும் புத்தகங்கள். ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் எழுதிய 'தி இல்யூஷன் ஆஃப் லைஃப்', ரிச்சர்ட் வில்லியம்ஸின் 'தி அனிமேட்டர்ஸ் சர்வைவல் கிட்' இரண்டும் அந்தத் துறையின் அடிப்படை நூல்கள். நல்லவைதான், ஆனால் அவை பயிற்சிக்கானவை. பையனே 'நடக்கிற மாதிரி எப்படி வரைவது' என்று கேட்கும் நாளில் எடுத்துக் கொடுங்கள்.

நூலகத்தில் தேடும்போது ஒரு சிக்கல் உண்டு. பொருள்வாரியாக எண் கொடுக்கும் டூவி முறையில் அடுக்கும் நூலகங்களில் இவை ஒரே இடத்தில் இருக்காது. ஓவியம் என்று எடுத்துக்கொண்டவை 741.58இல் இருக்கும், காமிக்ஸுக்குப் பக்கத்தில். சினிமா என்று எடுத்துக்கொண்டவை 791.4334க்குப் போய்விடும். ஒரே தொடரின் இரண்டு புத்தகங்கள் வேறு வேறு மாடியில் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். உயரமான புத்தகங்களுக்குத் தனி அலமாரி இருந்தால் அதையும் பாருங்கள். கணினியில் தேடும்போது 'அனிமேஷன்' என்று போடாமல் படத்தின் பெயரையே போட்டால் சீக்கிரம் கிடைக்கும். வெளியே கொடுக்காத குறிப்புதவிப் பிரிவில் இருந்தால் விட்டுவிடாதீர்கள். ஒரு நோட்டும் 2பி பென்சிலும் எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை அங்கேயே உட்காரலாம்.

இங்கே இரவல் காலம் 21 நாள். எங்கள் வீட்டில் அது இப்படிப் போகும். முதல் வாரம் படிப்பது கிடையாது, பார்ப்பது மட்டும். எழுத்தைப் பிறகு படித்துக்கொள்ளலாம். இரண்டாவது வாரம் ஏதாவது ஒரு ஓவியத்தைத் தீப்பெட்டி அளவில் மூன்று நிறத்தில் மட்டும் போட்டுப் பார்ப்பது. தீப்பெட்டிக்குள் இலையெல்லாம் போட முடியாது, எதை விடுவது என்று கை தானாகவே முடிவு செய்யும். மூன்றாவது வாரம் நம்ம இடம். எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளம், பஸ் நிறுத்தம், எதிரே உள்ள மழைமரம். இப்போது 15 வயதில் அவள் வரையும் மழைமரத்தில் இருபது இலைகூட இருக்காது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பையன் டிரேசிங் பேப்பரைப் புத்தகத்தின் மேலேயே வைத்து அழுத்தி வரையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நூலகப் புத்தகத்தில் தடம் விழுந்துவிடும். நாங்கள் எடுத்து வந்த கேன்மேக்கர் புத்தகத்தில் வாங்கின் ஒரு ஓவியத்தில் அப்படி விழுந்திருந்தது. நேராகப் பார்த்தால் தெரியாது, பக்கத்தை விளக்குக்குச் சாய்த்தால் தெரியும். எங்களுக்கு முன்னால் யாரோ ஒருவர், கையின் அழுத்தத்தைப் பார்த்தால் சின்னப் பிள்ளையாகத்தான் இருக்கும், மானைச் சுற்றிக் கோடு இழுத்திருந்தார். காது, முதுகு, நான்கு கால். கோடு காலோடு நின்றுவிட்டது. பனியை எப்படி டிரேஸ் செய்வது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்காது. என் மகள் அந்தப் பக்கத்தை விளக்கடியில் சாய்த்துச் சாய்த்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.