2400 இருக்கும் லப்டொப்பில் 3200 றாம் போடலாமா?

கேள்வி: பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகளிடம் இருப்பது ஐ5-8250யு லப்டொப். றாம் 4 ஜிபிதான். சூம் வகுப்போடு குறோமில் நாலு பக்கம் திறந்தால் இழுபடுகிறது. அடிமூடியைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே இருக்கும் றாமில் டிடிஆர்4, 2400 என்று இருக்கிறது. பக்கத்தில் இன்னொரு இடம் காலியாக உள்ளது. ஸ்ரான்லி வீதிக் கடையில் 8 ஜிபி 3200 மட்டுமே இருக்கிறது. வேகம் ஒத்துவராவிட்டால் மதர்போர்ட் எரிந்துவிடும் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா? பழைய 4 ஜிபியையும் அப்படியே விடலாமா? – வாசகர், சுன்னாகம்

பதில்: வாங்கலாம். பழையதையும் விடலாம். போர்ட் எரியாது.

3200 என்பது அந்த றாமால் ஓடக்கூடிய உச்ச வேகம். அந்த வேகத்தில்தான் ஓடுவேன் என்று அது அடம்பிடிப்பதில்லை. லப்டொப்பைப் போட்டதும், றாமில் இருக்கும் சின்னச் சில்லொன்றில் எழுதப்பட்ட விபரத்தை பயோஸ் (லப்டொப்பைத் தொடக்கும் நிரல்) வாசித்து, எல்லாவற்றுக்கும் பொதுவான வேகத்தைத் தெரிவுசெய்கிறது. உங்கள் புரொசஸரின் எல்லை 2400. ஆகவே 3200 போட்டாலும் 2400இல்தான் ஓடும். இரண்டுக்கும் மின்னழுத்தம் 1.2 வோல்ற் என்பதால் எரிவதற்குக் காரணமே இல்லை. பலரும் பயப்படுவது இந்த வேக எண்ணுக்கு. உண்மையில் பயப்பட வேண்டியது அதற்கு முன்னால், டிடிஆர்4 என்பதில் இருக்கும் 4 என்ற எண்ணுக்கு.

டிடிஆர்3க்கு 204 ஊசி, டிடிஆர்4க்கு 260, டிடிஆர்5க்கு 262. நடுவில் உள்ள வெட்டு ஒவ்வொன்றிலும் வேறு வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றின் இடத்தில் மற்றது இறங்காது. இறங்கவில்லையே என்று அமுக்கினால் சொக்கெற் உடையும், பிறகு போர்ட் வேலைதான். டெஸ்க்ரொப் றாம் 13 சென்ரிமீற்றருக்கு மேல் நீளம். லப்டொப்புக்கு உரிய சோடிம் அதில் ஏறக்குறைய பாதி. இன்ரெல் 4ஆம் தலைமுறைப் புரொசஸர் உள்ள லப்டொப் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அவற்றுக்கு 1.35 வோல்ற் டிடிஆர்3எல் தேவை. லேபிளில் பிசி3எல் என்று இருக்கவேண்டும். வெறும் பிசி3 போட்டால் திரை வராது. 6ஆம் தலைமுறையில் இரண்டு இனமும் வந்தபடியால் பழைய றாமைக் கழற்றிப் பார்க்காமல் வாங்கக்கூடாது.

உங்கள் லப்டொப்பில் காலி இடம் இருப்பது நல்லது. மூடியைக் கழற்றாமல் பார்க்க விரும்புபவர்கள் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபோமன்ஸ், மெமரி என்று போனால் எத்தனை இடத்தில் எத்தனை பாவனையில் உள்ளது என்று காட்டும். அங்கே சோடிம் என்பதற்குப் பதிலாகச் சில்லுகளின் வரிசை (Row of chips) என்று ஆங்கிலத்தில் இருந்தால், பெரும்பாலும் றாம் போர்ட்டிலேயே ஒட்டப்பட்டிருக்கிறது. மெல்லிய லப்டொப்கள் பலவற்றில் இப்படித்தான். ஒட்டியதைத் தவிர வேறு இடம் இல்லையென்றால் காசைச் செலவழிக்க வேண்டாம்.

4உம் 8உம் சேர்ந்தால் 12 ஜிபி. இரண்டிலிருந்தும் 4 ஜிபி வீதம், மொத்தம் 8 ஜிபி, இரட்டைப் பாதையில் (இரண்டு றாமையும் ஒரே நேரத்தில் வாசித்து, வேகமாக) ஓடும். மிச்ச 4 ஜிபி ஒற்றைப் பாதையில் ஓடும். சூம், குறோம், வேர்ட் வேலைகளில் இந்த வித்தியாசம் தெரியாது. இரண்டும் ஒரே கம்பனியாக இருக்கவேண்டும் என்றும் இல்லை.

கடையில் பார்க்கவேண்டிய இடம் லேபிள். 8ஜிபி 1ஆர்×8 பிசி4-3200ஏஏ என்பதுபோல் எழுதியிருக்கும். அந்த 1ஆர்×8 முக்கியம். 1ஆர்×16 என்றால் 16 கிகாபிற் சில்லு நான்குதான் இருக்கும்; 1ஆர்×8 இல் 8 கிகாபிற் சில்லு எட்டு. இரண்டு பக்கமும் திருப்பிக் கறுப்புச் சில்லுகளை எண்ணினாலே தெரியும். நான்கு சில்லு றாம் வேகத்தில் கொஞ்சம் பின்தங்கும். அதைவிட, உங்கள் லப்டொப்பின் காலத்து பயோஸ் சிலவற்றுக்கு 16 கிகாபிற் சில்லு பரிச்சயமில்லாததால் லப்டொப் தொடங்காமலே நிற்கவும் கூடும். எட்டுச் சில்லு கிடைத்தால் அதையே எடுங்கள்.

பழைய றாமையும் கையோடு கொண்டுபோங்கள். பொருந்தாவிட்டால் எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவார்கள் என்பதைப் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். கொழும்பு யூனிட்டி பிளாசாவில் தெரிவு கூட. ஆனால் மாற்றவேண்டி வந்தால் பஸ் காசும் ஒரு நாளும் போகும். ஒரு றாமுக்காக அது தேவையில்லை, உள்ளூரிலேயே வாங்குங்கள்.

ஒன்று கேட்கவேண்டும்: அதில் இருப்பது சுழலும் ஹாட் டிஸ்க்கா? அப்படியென்றால் முதலில் எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) போடுங்கள், பிறகு றாம். 4 ஜிபி நிரம்பியதும் வின்டோஸ் மிச்சத்தை டிஸ்க்கில்தான் எழுதி வாசிக்கிறது. இழுபடுவதில் பெரும்பகுதி அந்த டிஸ்க்கால் வருவது. உங்கள் 8ஆம் தலைமுறைப் புரொசஸர் வின்டோஸ் 11ஐ ஏற்கும் என்பதால் இந்த லப்டொப்புக்கு இரண்டையும் செய்வது வீண்செலவு அல்ல.

றாமைப் பூட்டுமுன் ஷிப்றை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுங்கள். அப்போதுதான் முழுதாக நிற்கும். சார்ஜரைக் கழற்றி, உள்ளே பற்றரி வயர் போர்ட்டில் சேரும் இணைப்பை இழுத்துவிட்டு, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்துங்கள். சோளகம் வீசும் மாதங்களில் காலி சொக்கெற்றுக்குள் புழுதி படிந்திருக்கும். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் போகும். காய்ந்த மென்தூரிகையால் தட்டுங்கள். உலோகம் ஒன்றைத் தொட்டு உடலின் நிலைமின்னை இறக்கிவிட்டு, றாமை ஓரத்தில் பிடித்து, வெட்டைப் பொருத்தி, ஏறக்குறைய 30 பாகை சரிவில் தங்க நிறக் கோடு அநேகமாக மறையும்வரை உள்ளே தள்ளுங்கள். பிறகு கீழே அமர்த்த, இரு பக்கக் கொளுவிகளும் டிக் என்று பிடிக்கும். ஒரு பக்கம் மட்டும் பிடித்திருந்தால் கழற்றி மீண்டும் தள்ளுங்கள். திரை வராத முறைப்பாடுகள் பல இதனால்தான்.

முதல் தடவை திரை வர ஒரு நிமிடம்வரை ஆகலாம், பதறி நிறுத்தாதீர்கள். அதற்குப் பிறகும் கறுப்பென்றால் புதியதை மட்டும் பழைய இடத்தில் போட்டுப் பாருங்கள். அப்போது ஓடினால் பிழை இரண்டாவது சொக்கெற்றில் இருக்கலாம், அல்லது இரண்டு றாமும் ஒன்றோடொன்று ஒத்துவராமல் இருக்கலாம். பல டெல் லப்டொப்களில் செம்மஞ்சள் இரண்டும் வெள்ளை மூன்றுமாக விளக்கு மின்னினால் றாம் தென்படவில்லை என்று பொருள். கடற்கரைப் பக்க வீடுகளில் உப்புக்காற்றால் பழைய றாமின் தங்கக் கோடுகள் மங்கியிருக்கும். ஐசோபுரொப்பைல் அற்ககோல் தொட்ட பஞ்சால் துடையுங்கள். அழிறப்பரால் தேய்ப்பது பலர் செய்வது. ஆனால் அது பூச்சைத் தேய்க்கும், துகளும் விழும்.

12க்குப் பதில் 11.8 அல்லது 11.9 ஜிபி என்று காட்டினால் பிழையில்லை, மிச்சத்தைத் திரைக்காக எடுத்துக்கொள்கிறது. 12 ஜிபி தெரிந்தும் பாவிக்கக்கூடியது 4 ஜிபிக்கும் குறைவென்றால் உள்ளே இருப்பது பெரும்பாலும் 32 பிற் வின்டோஸ். 64 பிற் போடவேண்டும். எல்லாம் சரியாகத் தெரிந்தாலும், அன்றிரவே றாமைச் சோதிக்கும் வின்டோஸ் மெமரி டயக்னொஸ்ரிக்கை ஓடவிடுங்கள். ஒரு பிழை காட்டினாலும் புதிய றாமை மட்டும் போட்டு இன்னொரு முறை சோதித்து, பிழை அதிலேயே என்றால் மாற்றும் நாள் முடியுமுன் கடைக்குக் கொண்டுபோங்கள்.