ஆளே இல்லாத ஊரில் ஆலோசகருக்கு மேற்பார்வை எதற்கு?

எம்.எஸ்சி. உளவியல் முடித்த கையோடு ஈரோடு மாவட்டத்து மலைப்பகுதியான தாளவாடியில் ஆலோசனை மையம் தொடங்கலாமா, மனநலத்துக்கு ஆளே இல்லாத ஊரில் மூத்தவரின் மேற்பார்வை தேவையா என்று கேட்டிருக்கிறீர்கள். மையம் தொடங்குங்கள். மேற்பார்வை இல்லாமல், அதாவது வருகிறவர்களின் சிக்கல்களை மூத்த ஆலோசகர் ஒருவரோடு தொடர்ந்து பேசி வழி கேட்கும் ஏற்பாடு இல்லாமல் மட்டும் தொடங்காதீர்கள்.

உங்கள் தவிப்பு எனக்குப் புரிகிறது. திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கி, சத்தியமங்கலம் வந்து, கோவைக்கு பஸ் பிடித்து மருத்துவரைப் பார்த்துத் திரும்பினால் கூலிக்காரருக்கு அன்றைய சம்பளம் போய்விடும். 2015–16இல் பெங்களூருவின் மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, நோய்க்கு ஏற்ப 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சை எட்டவில்லை.

ஆனால் ஆள் குறைந்த ஊரில்தான் ஆலோசகர் அதிகம் தடுமாறுவார். நான் கோபிசெட்டிபாளையம் பக்கம் வேலை செய்கிறேன். கணவரோடு பிணக்கு என்று வருகிற பெண் எங்கள் பங்காளி வீட்டு மருமகளாக இருப்பாள். அடுத்த வாரமே கெடா வெட்டு விருந்தில் அவளுடைய மாமனார் பக்கத்தில் உட்கார்ந்து, "மருமகள் உன்னிடம் என்ன சொன்னாள்?" என்பார். பெரியவர், சொந்தக்காரர், வெடுக்கென்று பேச முடியாது. இதற்கு வழி சொன்னவர் கோவையில் இருக்கும் என் மேற்பார்வையாளர். உறவினர் வந்தால் முதல் சந்திப்பிலேயே அதைப் பேசு, வேறொருவரிடம் அனுப்ப முடியுமா என்று பார், முடியாவிட்டால் ஊரார் கேட்கும்போது என்ன சொல்வது என்பதை அந்தப் பெண்ணோடு சேர்ந்தே முடிவு செய் என்றார். தற்கொலை எண்ணத்தோடு வருபவரை வீட்டுக்கு அனுப்பலாமா, இன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டுமா என்பது இதைவிடக் கனமான முடிவு. அதைப் புதியவர் ஒருவர் தனியாகச் சுமக்கக் கூடாது.

அமெரிக்காவின் டெக்சாஸில் ஆலோசகராக முழு உரிமம் பெற, முதுநிலைப் பட்டத்துக்குப் பிறகும் 3000 மணி நேரம் மேற்பார்வையில் பணியாற்ற வேண்டும். இங்கே, மருத்துவம் சார்ந்த தொழில்களை ஒழுங்குபடுத்தும் 2021ஆம் ஆண்டின் துணைநிலை மருத்துவத் தொழிலர் சட்டம் ஆலோசகர்களையும் சேர்த்திருக்கிறது. எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். மேற்பார்வையாளர்கள் நகரத்தில் குவிந்திருக்கிறார்கள், கட்டணத்தைப் புதியவர் தன் கையிலிருந்து கொடுக்கிறார். அரசின் மாவட்ட மனநலத் திட்டக் குழுவே கிராமத்து ஆலோசகர்களுக்கு வாரந்தோறும் வீடியோ வழியே இதை இலவசமாகச் செய்ய வேண்டும்.

அதுவரை தொலைபேசியிலாவது வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கக்கூடிய மூத்தவரைத் தேடுங்கள். தாளவாடியில் வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள் நிறைய. அதனால் சாம்ராஜ்நகர், மைசூரு பக்கமும் விசாரியுங்கள். அரசின் இலவச மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸின் எண் 14416ஐ முதல் நாளே மையத்தின் சுவரில் எழுதி வையுங்கள்.