ஓடும் காரில் ஒலிப்பதிவு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நாள்தோறும் திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் விரைவுச் சாலை, காசிமேடு, ராயபுரம் வழியாகப் பாரிமுனைக்கு மூன்று சிலிண்டர் பெட்ரோல் காரில் வேலைக்குச் செல்கிறேன். போகும் வழியில் வடசென்னையின் பழைய இடங்களைப் பற்றிப் பேசி, அதைக் கைப்பேசியில் படமாக்கி இணையத்தில் ஏற்றுகிறேன். கைப்பேசியை முன்கண்ணாடியில் ஒட்டிய ஸ்டாண்டில் வைத்திருக்கிறேன். படம் தெளிவாக இருக்கிறது. குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கிறது. நல்ல கேமரா வாங்கினால் சரியாகிவிடுமா, ஐயா? (ஒரு வாசகர், திருவொற்றியூர்)

பதில்: சரியாகாது. குறை கேமராவில் இல்லை, மைக் இருக்கும் இடத்தில் இருக்கிறது. முன்கண்ணாடியில் ஒட்டிய கைப்பேசி உங்கள் வாயிலிருந்து ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும். சட்டையில் குத்திக்கொள்ளும் காலர் மைக் 20 சென்டிமீட்டருக்குள் இருக்கும். திறந்த வெளியில் வாய்க்கும் மைக்குக்கும் இடையே உள்ள தொலைவைப் பாதியாக்கினால் குரலின் அளவு 6 டெசிபல் (ஒலி அளவின் அலகு) கூடும். அந்தக் கணக்கில் 80 சென்டிமீட்டரை 40 ஆக்கி, அதை மறுபடி 20 ஆக்கும்போது 12 டெசிபல் கிடைக்க வேண்டும். கார் ஒரு மூடிய பெட்டி என்பதாலும், கண்ணாடிகளில் குரல் பட்டுத் திரும்புவதாலும் முழு 12 டெசிபலும் கிடைக்காது. ஆனால் பெரும்பகுதி கிடைக்கும். எஞ்சினும் டயரும் எழுப்பும் இரைச்சலோ காருக்குள் மைக்கை எங்கே வைத்தாலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கும் என்பதால், மைக்கை நெருக்கமாக வைத்துப் பெறும் ஆதாயம் அத்தனையும் உங்கள் குரலுக்கே சேரும். ஆயிரம் ரூபாய் மைக் காலரில் இருப்பது, ஐம்பதாயிரம் ரூபாய் கேமரா கண்ணாடியில் இருப்பதைவிட நல்ல ஒலியைத் தரும் என்பது என் உறுதியான கருத்து.

மைக்கைக் குத்தும் இடத்திலும் கவனம் வேண்டும். நம் ஊர்க் கார்களில் ஓட்டுநருடைய சீட் பெல்ட் வலது தோளிலிருந்து இடது இடுப்புக்கு இறங்குகிறது. வலது பக்கம் குத்திய மைக்கில் பெல்ட் உரசும். அந்தக் கரகரப்பை எந்த மென்பொருளாலும் ஒழுங்காக நீக்க முடியாது. ஆகவே இடது காலரிலோ, சட்டையின் முதல் பொத்தானுக்கு இடப்புறமோ குத்துங்கள். மொடமொடப்பான பட்டும் நைலானும் கை அசையும்போதெல்லாம் சத்தமிடும், பருத்திச் சட்டை அமைதியாக இருக்கும். ஒரு திசை ஒலியை மட்டும் வாங்கும் மைக்கைவிட, எல்லாத் திசை ஒலியையும் வாங்கும் சாதாரண காலர் மைக்தான் காருக்குப் பொருத்தம். பக்கக் கண்ணாடியைப் பார்க்க நீங்கள் தலையைத் திருப்பும்போது ஒரு திசை மைக்கில் குரல் சட்டென்று இறங்கிவிடும்.

கம்பியுள்ள மைக் வாங்குவதானால், கருவியில் செருகும் அதன் முள்ளைப் பார்த்து வாங்குங்கள். கைப்பேசிக்கு மூன்று கறுப்பு வளையம் உள்ள முள்ளும், கேமராவுக்கு இரண்டு வளையம் உள்ள முள்ளும் வேண்டும். மாறினால் மைக் வேலை செய்யாமல், கைப்பேசியின் சொந்த மைக்கே பதிவு செய்துகொண்டிருக்கும், வீட்டுக்கு வந்து கேட்கும் வரை அது தெரியவும் தெரியாது.

அடுத்தது ஒலி அளவு. பெரும்பாலான கைப்பேசிகள் ஒலி அளவைத் தாமாகவே ஏற்றி இறக்குகின்றன. நீங்கள் பேசாத நேரத்தில் கருவி அளவை ஏற்றுவதால் இரைச்சல் மேலெழும், பேசத் தொடங்கியதும் அமுங்கும். குரலுக்குப் பின்னால் யாரோ மூச்சு விடுவதுபோல் ஓர் ஏற்ற இறக்கம் கேட்பதற்கு இதுவே காரணம். தானியங்கி அளவை நிறுத்த வழியுள்ள பதிவுச் செயலியைப் பயன்படுத்தி, உச்சக் குரல் மைனஸ் 12 டெசிபல் அருகில் நிற்குமாறு கையால் அமையுங்கள் (பூஜ்ஜியம்தான் கருவி தாங்கும் எல்லை, அதைத் தாண்டினால் ஒலி உடையும்). இரைச்சலில் பேசுபவர் தம்மை அறியாமலே குரலை உயர்த்துவார் என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லொம்பார் 1911-இல் எழுதிய கட்டுரையில் விளக்கியிருக்கிறார். வண்டி நிற்கும்போது மெல்லிய குரலில் பேசி அளவை அமைத்தால், காசிமேட்டுக் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நீங்கள் உயர்த்தும் குரல் உடைந்து பதிவாகும். எனவே சோதனையின்போதே சற்று உரக்கப் பேசிப் பாருங்கள்.

இவை அனைத்தையும் புறப்படும் முன்பே முடித்துவிட வேண்டும். ஓட்டும்போது கைப்பேசியைக் கையில் எடுப்பது, 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவில் ஆபத்தான ஓட்டுதலாகக் கருதப்படுகிறது. முதல் முறையே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ, ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

பதிவு முடிந்தபின் எடிட்டிங்கில் முதலில் போட வேண்டியது, தாழ்ந்த ஒலிகளை வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டர். மூன்று சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்றில் ஓடும்போது நொடிக்கு 50 முறை எரிகிறது, அதாவது அதன் அடிப்படை உறுமல் 50 ஹெர்ட்ஸில் இருக்கிறது. ஆண் குரலின் அடித்தளம் பெரும்பாலும் 85 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் தொடங்குகிறது. ஆகவே 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிட்டால், குரலைத் தொடாமலே உறுமலின் பெரும்பகுதி போய்விடும். பெண் குரலுக்கு 120 ஹெர்ட்ஸ் வரை துணிந்து ஏற்றலாம்.

கேள்வி: மே மாத வெயிலில் ஏ.சி.யை நிறுத்திவிட்டுப் பேச முடியவில்லை. ஏ.சி. போட்டால் உஸ்ஸென்ற சத்தம், கண்ணாடியை இறக்கினால் காற்றுச் சத்தம். இரண்டில் எது பரவாயில்லை? (ஒரு வாசகி, கொடுங்கையூர்)

பதில்: ஏ.சி.தான். கண்ணாடியை இறக்கினால் தெருவின் சத்தம் முழுவதும் உள்ளே வருவதோடு, காற்று மைக்கின் மெல்லிய சவ்வை நேரடியாக அடிக்கிறது. அந்தப் படபடப்பு ஒழுங்கற்றது. பிறகு அதைச் சீர்செய்ய வழியில்லை. ஏ.சி.யின் உஸ் ஓசை மாறாமல் ஒரே சீராக இருப்பதால், மென்பொருளுக்கு அதை அடையாளம் கண்டு குறைப்பது எளிது.

ஏ.சி.யில் உறுத்துவது குளிரூட்டும் கருவியன்று, ஊதும் விசிறி. பதிவு தொடங்கும் முன் சில நிமிடம் விசிறியை முழு வேகத்தில் வைத்துக் காரைக் குளிரவிட்டு, பின்னர் ஒன்றாம் எண்ணுக்குக் குறையுங்கள். நடுவில் உள்ள காற்றுத் துளைகள் உங்கள் இடது காலரை நோக்கியே ஊதும் என்பதால் அவற்றைப் பக்கத்து இருக்கைக்குத் திருப்பிவிடுங்கள், அல்லது காற்றைக் காலடிக்கு மாற்றுங்கள். வெளிக்காற்றை அடைத்து உள்காற்றையே சுழலவிடும் பொத்தானை அழுத்தினால், வெளிச் சத்தம் நுழையும் ஒரு வழி அடைபடும். கொடுங்கையூர் குப்பைக் கிடங்கின் அருகே போகிறவர்கள் எப்படியும் அதை அழுத்தித்தான் வைத்திருப்பார்கள். மைக்கின் மேல் மாட்டும் பஞ்சுக் குல்லாயைத் தொலைத்துவிடாதீர்கள். அது ஏ.சி. காற்றுக்குப் போதும். ரோமம் வைத்த குல்லாய் காருக்குள் தேவையில்லை.

கேள்வி: கம்பியுள்ள மைக்கில்தான் பதிவு செய்கிறேன். ஆனால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் ‘ஙொய்ங்’ என்று ஒரு சத்தம் மேலே ஏறுகிறது. நின்றால் குறைகிறது. மைக் கெட்டுவிட்டதா? (ஒரு வாசகர், வியாசர்பாடி)

பதில்: மைக் நன்றாகத்தான் இருக்கிறது. பதிவு செய்யும்போது கைப்பேசியைக் கார் சார்ஜரில் செருகியிருப்பீர்கள். எஞ்சினோடு சுழன்று காருக்கு மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் மின் அலைவு, சார்ஜர் கம்பி வழியாகக் கைப்பேசிக்குள் புகுந்து மைக்கின் மெல்லிய மின்குறியோடு கலக்கிறது. எஞ்சின் வேகத்தோடு சேர்ந்து சுருதி ஏறுவதே அதற்கு அடையாளம். சார்ஜரைக் கழற்றினால் சத்தம் உடனே நின்றுவிடும். நீண்ட பயணத்தில் மின்சாரம் வேண்டுமென்றால் பவர் பேங்கில் இணையுங்கள். அந்தப் பவர் பேங்கைக் காரில் செருகிவிடாதீர்கள்.

கேள்வி: மூலக்கடை சந்திப்பில் எடுத்த வீடியோவில் ஹாரன் சத்தம் தாங்க முடியவில்லை. செயற்கை நுண்ணறிவுச் செயலியில் போட்டு எடுத்தேன். ஹாரனோடு என் குரலும் தண்ணீருக்குள் கேட்பதுபோல் ஆகிவிட்டது. (ஒரு வாசகர், மாதவரம்)

பதில்: எஞ்சின் உறுமல் குரலுக்குக் கீழே இருப்பதால் வெட்ட முடிகிறது. ஹாரன் குரலுக்கு உள்ளேயே இருக்கிறது. மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் ஹாரனின் ஆற்றல் கணிசமாக விழுகிறது; நாம் எழுப்பும் ச, ட, க போன்ற வல்லின ஓசைகளின் தெளிவும் அந்தப் பகுதியை நம்பியே இருக்கிறது. அங்கே கத்தியை வைத்தால் சொல்லும் சேர்ந்து அறுபடும். எனவே ஹாரன் ஒலிக்கும்போது பேச்சை நிறுத்தி, அது ஓய்ந்தபின் அந்த வாக்கியத்தை முதலிலிருந்து மறுபடி சொல்லுங்கள், எடிட்டிங்கில் கெட்டுப்போன வாக்கியத்தை வெட்டி எறியலாம். பாதி வாக்கியத்திலிருந்து தொடர்ந்தால் வெட்டு தெரியும்.

இரைச்சல் நீக்கும் செயலிகளை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, முழு வீச்சில் போடுவதைத்தான் வேண்டாம் என்கிறேன். ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில், நீங்கள் பேசாத சில நொடிகளை இரைச்சல் மாதிரியாகக் காட்டிவிட்டு, 6 முதல் 9 டெசிபல் மட்டும் குறையுங்கள். கார் ஓடுகிறது என்று பார்ப்பவருக்குத் தெரிகிறது. கொஞ்சம் இரைச்சல் மிஞ்சுவதை அவர் எதிர்பார்க்கவே செய்வார்.

மூலக்கடை போன்ற சந்திப்புகளில் எனக்குப் பிடித்த முறை வேறு. நெரிசலில் வாயைத் திறக்காமல் ஓட்டிவிட்டு, பிறகு நிழலான, அமைதியான தெருவில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு, அந்தப் பகுதிக்கான பேச்சை மட்டும் பதிவு செய்வேன். மெத்தை இருக்கைகள் ஒலியை உறிஞ்சுவதால் நின்ற கார் வீட்டு அறையைவிட நல்ல பதிவிடம். வெயில் ஏறும் முன் காலையில் செய்துவிட வேண்டும் என்பதுதான் ஒரே தொல்லை. ஓட்டும்போது பதிவான ஒலியை அதற்கு அடியில் தணிவாக ஓடவிட்டால் ஒட்டு தெரியாது, கவனமும் சாலையில் இருக்கும்.

கேள்வி: டேஷ்கேம் பதிவில் உள்ள ஒலியையே பயன்படுத்தலாமா? அல்லது கழுத்தில் மாட்டும் ப்ளூடூத் போதுமா? (ஒரு வாசகர், மணலி)

பதில்: இரண்டும் வேண்டாம். டேஷ்கேமின் மைக் பிளாஸ்டிக் உறைக்குள், அதிரும் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ப்ளூடூத் மைக் பெரும்பாலும் தொலைபேசிப் பேச்சுக்கான முறையில், நொடிக்கு 8,000 அல்லது 16,000 முறை மட்டுமே ஒலியை அளந்து மாதிரி எடுத்து ஒலியைச் சுருக்குகிறது. வீடியோவுக்கான வழக்கமான அளவு 48,000.

கேள்வி: காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தின் சத்தம் என் வீடியோவில் வேண்டும். காருக்குள்ளிருந்து எடுத்தால் வெறும் இரைச்சலாகவே இருக்கிறது. (ஒரு வாசகி, தண்டையார்பேட்டை)

பதில்: ஏற்றிய கண்ணாடி வழியாக ஏலச் சத்தம் வராது, வருவது எஞ்சின் ஒலிதான். விடியற்காலையில் ஏலம் நடக்கும்போது வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கிச் சென்று, விலை கூறும் குரல், ஐஸ் உடைக்கும் ஓசை, படகு எஞ்சின் என ஒவ்வொன்றையும் அருகில் நின்று ஒரு நிமிடமாவது தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள். கடற்காற்று வீசும் இடம் என்பதால் ரோமக் குல்லாய் இங்கே கட்டாயம் தேவைப்படும். காரில் எடுத்த படத்தின் மேல் இந்த ஒலிகளைப் பின்னர் சேர்த்துக்கொள்ளலாம். பக்கத்துக் கடையில் சினிமாப் பாட்டு ஓடினால் அது முடியும்வரை காத்திருங்கள், இல்லையென்றால் வீடியோவை ஏற்றியதும் பதிப்புரிமைக் கோரிக்கை வந்து சேரும்.

கேள்வி: வயர்லெஸ் மைக் வாங்கினேன். குரல் இடது காதில் உரக்கவும் வலது காதில் மெதுவாகவும் கேட்கிறது. கடைக்காரர் மாற்றித்தர மறுக்கிறார். (ஒரு வாசகர், பெரம்பூர்)

பதில்: மாற்ற வேண்டியதில்லை. உங்கள் மைக்கில் பாதுகாப்புப் பதிவு என்ற அமைப்பு செயலில் இருக்கக்கூடும். எதிர்பாராமல் குரல் உயர்ந்து ஒரு பதிவு உடைந்துபோனாலும் மற்றொன்று தப்பிக்கட்டும் என்பதற்காக, ஒரே குரலைச் சில டெசிபல் குறைத்து இரண்டாவது தடத்தில் பதிவு செய்யும் ஏற்பாடு அது. எடிட்டிங்கில் இடது தடத்தை மட்டும் எடுத்து மோனோவாக்குங்கள் (ஒரே தட ஒலியாக்குங்கள்), இரண்டு காதிலும் சமமாகக் கேட்கும். இடது தடம் உடைந்திருக்கும் இடங்களில் மட்டும் வலது தடத்தை எடுத்து அளவை ஏற்றிக்கொள்ளுங்கள்.