வட்டியில் 10% வெட்டுகிறார்கள் என்பதற்காக லண்டனுக்கே திரும்ப வேண்டாம்

ஐயா, லண்டனிலிருந்து இலங்கை வந்து யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் குடியேறி, நிலையான வைப்பு வட்டியில் 10% வரியாகப் பிடிபடுவதைக் கண்டு பதறி எழுதியிருக்கிறீர்கள். வைப்பை உடைக்க அவசரப்படாதீர்கள். 2025 ஏப்ரல் 1 முதல் இந்தப் பிடித்தம் 5 இலிருந்து 10 வீதமாகக் கூடியது உண்மை. ஆனால் அதே நாளில் தனிநபர் விடுதொகையும், அதாவது வரி விதிக்கப்படாத வருமான எல்லையும், ஆண்டுக்கு 12 இலட்சம் ரூபாயிலிருந்து 18 இலட்சமாக உயர்ந்தது. மாதம் ஒன்றரை இலட்சம். உங்கள் மொத்த வருமானம் அதற்குள் அடங்கினால், ரின் (TIN) எனும் வரி செலுத்துநர் அடையாள இலக்கம் எடுத்து, வங்கியில் சுயபிரகடனப் படிவம் கொடுங்கள். வட்டியில் வெட்ட மாட்டார்கள். இரண்டு வங்கியில் வைப்பு இருந்தால் இரண்டிலும் கொடுக்க வேண்டும்.

வருமானம் அந்த எல்லையைத் தாண்டினாலும் வெட்டிய காசு வீண்போகாது. மாதம் 80,000 வட்டிக்கு வெட்டும் 8,000 முற்பண வரிதான், ஆண்டு விபரத்திரட்டில் (வருமான வரிக் கணக்குப் படிவத்தில்) கழித்துக்கொள்ளலாம். வங்கி தரும் பிடித்தச் சான்றிதழைப் பத்திரப்படுத்துங்கள்.

சரி, உங்கள் பிரித்தானிய ஓய்வூதியம்? அதில்தான் உண்மையில் கவனம் வேண்டும். ஒரு வரி ஆண்டில் 183 நாள் இங்கே தங்கினால் வரிச் சட்டப்படி நீங்கள் இலங்கை வதிவாளர், வெளிநாட்டு வருமானமும் கணக்கில் வரும். இரு நாடுகளுக்கும் இரட்டை வரி ஒப்பந்தம் உண்டு. அரச சேவை ஓய்வூதியமா, தனியார் ஓய்வூதியமா என்பதைப் பொறுத்து விதி மாறும். ஓய்வூதியக் கடிதங்களோடு ஒரு கணக்காளரைப் பாருங்கள். ஆண்டு விபரத்திரட்டுக்குக் கடைசி நாள் நவம்பர் 30.