ஆறு வாரம் பேசக் கூடாது என்றால் அனுப்பாதீர்கள்

வணக்கம் அண்ணா. 15 வயது மகன் பள்ளிக்குப் போக மறுக்கிறான், ஆலோசகர் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஒரு தங்கும் திருத்தப் பள்ளியைச் சொல்கிறார், முதல் ஆறு வாரம் போனில் பேச விடமாட்டார்களாம், பரவாயில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பரவாயில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. யூட்டாவில் 2021இல் வந்த சட்டப்படி, பிள்ளை வாரம் ஒருமுறையாவது வீட்டாரோடு தனிமையில் பேச வழி இருக்க வேண்டும். அமெரிக்கப் பிரபலம் பாரிஸ் ஹில்டன் பதின்ம வயதில் அங்கே இப்படியொரு பள்ளியில் பட்டதைச் சட்டமன்றத்தில் நேரில் சொன்னாரே, அந்தச் சட்டம்தான். அதை மீறுவோம் என்று முன்கூட்டியே சொல்பவர்கள் உள்ளே என்னதான் செய்யமாட்டார்கள்?

அடி வாங்கும் பிள்ளை யாரிடமும் சொல்ல முடியாத இடத்தில்தான் அடி தொடர்கிறது. "அவன் பொய் சொல்லுவான், நம்பாதீர்கள்" என்று பெற்றோரை முதலிலேயே தயார் செய்துவிடுவார்கள். வட கரோலினாவில் 2024 பிப்ரவரியில் 12 வயதுப் பையன் ஒருவன் இப்படிப் பிள்ளைகளைத் திருத்துவதாகச் சொல்லும் ஒரு காட்டு முகாமுக்குப் போய்ச் சேர்ந்த முதல் இரவிலேயே இறந்துபோனான். அப்புறம்தான் அந்த முகாமின் உரிமம் ரத்தானது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டமும் இத்தகைய இடங்களைப் பற்றிப் பெரும்பாலும் ஆய்வு செய்யத்தான் சொல்கிறது.

மாநில உரிமத் துறையின் இணையதளத்தில் அந்தப் பள்ளியின் சோதனை அறிக்கைகளைப் படியுங்கள். ஆலோசகருக்கு அங்கிருந்து பணம் வருகிறதா என்று முகத்துக்கு நேரே கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். நள்ளிரவில் ஆள் வைத்துப் பையனைத் தூக்கிப் போகும் ஏற்பாட்டுக்கு மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

பள்ளிக்குப் போகப் பயமா, யாராவது சீண்டுகிறார்களா? உள்ளூர் மனநல மருத்துவரிடம் காட்டினீர்களா?