அதிகாலை 3 மணிக்குப் பிறந்தால் எந்தக் கிழமை?

செவ்வாய் அதிகாலை 3 மணிக்குப் பிறந்த குழந்தைக்கு ஜோசியர் ‘திங்கட்கிழமை’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார், இது தவறா என்று கேட்டிருக்கிறீர்கள். தவறில்லை. நானும் அந்தக் கணக்கில் பிறந்தவன்தான்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில், ஒரு கார்த்திகை மழையில் பிறந்தேன். சான்றிதழில் செவ்வாய்க்கிழமை, 3.20 மணி. தாத்தாவின் நோட்டிலோ ‘சோமவாரம், உதயாதி நாழிகை 53’; அதாவது திங்கட்கிழமை, சூரிய உதயத்திலிருந்து 53 நாழிகை. தாத்தா தூக்கக் கலக்கத்தில் எழுதிவிட்டார் என்றே வெகுநாள் நினைத்திருந்தேன்.

பஞ்சாங்கம் நள்ளிரவைக் கண்டுகொள்வதே இல்லை. ஒரு சூரிய உதயத்திலிருந்து மறு உதயம் வரை ஒரு நாள். அதற்கு 60 நாழிகை. நாழிகைக்கு 24 நிமிடம். நாழிகையை 2ஆல் பெருக்கி 5ஆல் வகுத்தால் மணி வந்துவிடும். 53 நாழிகை என்றால் 21 மணி 12 நிமிடம். அந்தத் திங்களன்று உதயம் 6.10. கூட்டிப் பாருங்கள், செவ்வாய் அதிகாலை 3.22! விநாழிகையை (நாழிகையில் அறுபதில் ஒரு பங்கு) விட்டுவிட்டு முழு நாழிகையாக எழுதியும் தாத்தா தவறியது இரண்டே நிமிடம்.

இதில் 6 மணி என்று குத்துமதிப்பாக வைத்துக் கூட்டக் கூடாது. தேவனாம்பட்டினம் கடற்கரையில் வைகாசிக் கடைசியில் 5.45 வாக்கிலேயே சூரியன் தலைகாட்டிவிடும்; தைக் கடைசியில் ஆறரை தாண்டும். நாம் மனப்பாடமாக வைத்திருக்கும் ராகு கால அட்டவணை 6 முதல் 6 வரையுள்ள பகலை எட்டாகப் பிரித்தது. திங்களன்று இரண்டாம் பங்கு, அதாவது 7.30 முதல் 9 வரை. உள்ளூர் உதயத்தை வைத்துப் பிரித்தால் தைக் கடைசியில் அது ஏறத்தாழ 8 மணிக்குத் தொடங்கி ஒன்பதரை வரை நீளும். என் அத்தை 9 அடித்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவார், ராகு காலம் முடியும் முன்பே. இதுவரை அவரிடம் நான் சொல்லவில்லை.

திதி இன்னும் குழப்பும். சந்திரன் சூரியனைவிட 12 பாகை முன்னேறினால் ஒரு திதி. அதற்கு 19 மணி நேரமும் ஆகலாம், 26ஐயும் தொடலாம். காலையில் துவாதசி (12ஆம் திதி) என்றிருக்கும் நாளில் திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயிலில் பிரதோஷம் நடப்பது இதனால்தான். பிரதோஷத்துக்கு அந்தி வேளையில் திரயோதசி (13ஆம் திதி) இருக்க வேண்டும். காலையில் என்ன திதி என்பது பொருட்டில்லை.

உங்கள் குழந்தைக்கு நட்சத்திரமும் திதியும் பிறந்த கணத்தில் உள்ளவைதான். கிழமை மட்டுமே உதயத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அடுத்த முறை ஜோசியரிடம் ‘திங்கள் இரவு, விடிந்தால் செவ்வாய், மணி 3’ என்று சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள்.